ஓட்டை உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள்

முப்பத்தொரு வருஷம்
படகுகளின் அடிவயிற்றில் மல்லாந்து கிடந்து
ஓட்டை அடைத்தவன் நான்.
குரோனிங்கன் கால்வாயில் மிதக்கும் வீடுகளில்
பாதிக்குப் பாதி என் பற்றவைப்பில்தான்
இன்னும் வீடாக இருக்கின்றன.
அப்படிப்பட்டவன்
இன்று ஒரு செடிக்கடையில்
தொட்டி தொட்டியாகக் கவிழ்த்து அடியைப் பார்த்து
"இதில் ஓட்டை இல்லையே" என்று
குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஹிஸ்கே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.
கடைப்பையன் தியார்ட் துளைக்கருவியோடு வருகிறான்.
"எத்தனை வேண்டும், சொல்லுங்கள்,
இங்கேயே போட்டுத் தருகிறேன்."
அந்தச் சத்தம் கேட்டதும்
எனக்குப் பல் கூசுகிறது.

சுட்ட மண் தொட்டி நல்லதுதான்,
மூச்சு விடும்.
ஆனால் குடித்த நீர் ஜனவரியில் உறைந்து
ஒரு ராத்திரியில் அதைப் பிளந்துவிடும்.
துத்தநாகத் தொட்டி வெயிலில் வேரை வேகவைக்கும்.
பிளாஸ்டிக்கைக் காற்று தூக்கிக்கொண்டு போகும்.
போன வருஷம் எங்கள் புதினா
இரண்டு பாலம் தாண்டிப் போய்
யாரோ ஒருவர் தோட்டத்தில் குடியேறியது.

ஹிஸ்கேயின் கண் முதலிலிருந்தே
அந்த மெருகிட்ட நீலத் தொட்டிமேல்.
குனிந்து தூக்கிப் பார்த்தேன்.
வெறுந்தொட்டியே முப்பத்தைந்து கிலோ.
மண்ணும் தண்ணீரும் ஒரு ஹைட்ரேஞ்சாவும் சேர்ந்தால்
நல்ல கனத்த விருந்தாளி ஒருவர்
மேல்தளத்தில் வந்து நின்று
போகவே மாட்டேன் என்பதுபோல.
அதுவும் மூன்று வேண்டுமாம்.
மூன்றும் இடப்பக்கமாம்.
வலப்பக்கம் கரையோர மரத்தின் நிழல்,
வெயில் விழுவது இடப்பக்கம் மட்டும்தானே.

"இதே நீலம் பிளாஸ்டிக்கில் இருக்கிறது" என்றேன்.
"இதே நீலம் இல்லை" என்றாள்.
காரில் இருவரும் பேசவில்லை.
பின்னால் மூன்று தொட்டிகள்
ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொண்டு வந்தன.

அன்று இரவு
தட்டில் சூப் ஒரு பக்கம் ஒதுங்கியது.
அலமாரிக் கதவு தானாகத் திறந்து
எங்கள் போர்வைகளை ஊருக்குக் காட்டியது.
எதிர்ப் படகிலிருந்து ரூல்ஃபீனா கத்தினாள்:
"என்ன, உங்கள் வீடு
யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா?"

தூக்கம் பிடிக்கவில்லை.
தரைப்பலகையைப் பெயர்த்து இறங்கினேன்.
இந்தப் படகை வாங்கிய வருஷம்
நிலை நிற்பதற்காக
நானே இறக்கி அடுக்கிய
பழைய தண்டவாளத் துண்டுகள்.
ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் என் எண்,
இன்னும் அழியாமல்.

இடப்பக்கத்து இரும்பில் ஒன்றை எடுத்தேன்.
மேலே வந்து
சமையல் மேசையில் கோலிக்குண்டை வைத்தேன்.
உருண்டது.
இன்னொன்று. உருண்டது.
ஐந்தாவதில் ஹிஸ்கே எழுந்து வந்து
ஒன்றும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து
மேசை விளிம்பில் கையைக் குவித்து
விழுகிற கோலியைப் பிடித்துப் பிடித்து
நடுவில் வைத்தாள்.
பதினொன்றாவது துண்டு வெளியே வந்தபோது
மேலிருந்து குரல்:
"வில்லெம்ஃப்ரிட், நின்றுவிட்டது."

பழைய இரும்புக்காரர் தந்த பணத்தில்
ஒரு தொட்டியின் விலை திரும்பி வந்தது.
மற்ற இரண்டைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.

இப்போது அந்தக் கோலி மேசையிலேயே இருக்கிறது.
மழை பெய்த மறுநாள்
நீலத் தொட்டிகள் ஊறிக் கனத்திருக்கும்,
கோலி மெல்ல இடப்பக்கம் நகரும்.
வறண்ட வாரத்தில் வலப்பக்கம்.
அதைப் பார்த்ததும் ஹிஸ்கே
மண்ணில் விரல்வைத்துப் பார்க்காமலே
பூவாளியை எடுப்பாள்.

ஊற்றிய தண்ணீர் சற்று நேரத்தில்
அடியில் உள்ள துளைகள் வழியாகக் கசிந்து
தளத்தில் கோடு போட்டு
கால்வாயில் சொட்டுகிறது.
சொட்டத்தான் வேண்டும். தெரியும்.
இருந்தாலும் கை பரபரக்கிறது.
இரண்டு கையையும்
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.